மீட்டர் பாலமும் தெரியாத மின்தடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறை வகுப்பு எடுத்த காலத்தில், தெரியாத மின்தடையை அளக்கும் மீட்டர் பாலம் இருக்கும் மேசையிலிருந்துதான் "சார்" என்ற குரல் அதிகம் எழும். ஆண்டுதோறும் முகங்கள் மாறின; கேள்விகள் மாறவில்லை. அவற்றை ஒரு பழைய ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன். கேட்டவர்களின் சொற்களைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை மீண்டும் சொல்லாது. எண்ணைப் பார்த்துத் திரும்பிப் போய்க்கொள்ளுங்கள்.

1. மல்டிமீட்டர் இருக்கும்போது இந்த ஒரு மீட்டர் பலகை எதற்கு, சார்?

மல்டிமீட்டர் தனக்குள்ளிருந்து ஒரு மின்னோட்டத்தைச் செலுத்தி, தடைக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்தைப் பார்த்து ஓமில் சொல்கிறது. அதன் சிவப்பு, கறுப்பு முனைகளை ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். சுழி வர வேண்டிய இடத்தில் 0.2, 0.3 என்று ஏதாவது நிற்கும். அது கம்பிகளின் சொந்தத் தடை. ஆயிரம் ஓமை அளக்கும்போது இது தூசு. ஆய்வகத்தில் உங்களுக்குத் தரும் கம்பிச்சுருளோ 2 ஓம், 3 ஓம். அங்கே 0.3 ஓம் என்பது பத்தில் ஒரு பங்கு.

பாலத்தின் வழி தராசின் வழி. ஒரு தட்டில் தெரியாத பொருள், மறு தட்டில் எடைக்கல். முள் நடுவில் நிற்கிறதா என்பதை மட்டும் கடைக்காரர் பார்க்கிறார். முள்ளுக்குப் பின்னால் அளவுகோல் எதுவும் வேண்டியதில்லை. அதுபோலவே பாலத்தில், மின்னோட்டம் போனால் முள் விலகிக் காட்டும் கால்வனோமீட்டர் "ஓட்டம் இருக்கிறது, இல்லை" என்று சாட்சி சொன்னால் போதும். எத்தனை ஆம்பியர் என்று அதை யாரும் கேட்கப் போவதில்லை. அளவு சரியாகக் குறிக்கப்படாத மலிவான கால்வனோமீட்டரைக் கொண்டும் நல்ல விடை பெற முடிவது இதனால்தான்.

2. நீங்கள் பாலம் என்கிறீர்கள், புத்தகத்தில் சமனச்சுற்று என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றுதான். தமிழ்நாட்டுப் பாடநூல் மீட்டர் சமனச்சுற்று என்கிறது. இலங்கையில் மீற்றர்ப் பாலம் என்று படிக்கிறார்கள். இரண்டு மின்பாதைகளின் நடுப்புள்ளிகளைக் குறுக்காக இணைக்கும் கம்பிதான் பாலம்; கால்வனோமீட்டர் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. தேர்வில் புத்தகச் சொல்லை எழுதுங்கள். எனக்குப் பாலம் என்பதுதான் பிடிக்கும், சொல்லிலேயே படம் இருக்கிறது.

3. புத்தகப் படத்தில் நான்கு தடைகள் சாய்சதுரமாக இருக்கின்றன. பலகையில் இரண்டுதானே இருக்கின்றன?

மற்ற இரண்டும் பலகையில் நீட்டிக் கட்டிய கம்பிதான். ஒரு மீட்டர் நீளமுள்ள அந்தக் கம்பியை, கையால் நகர்த்தும் தொடுமுனையான ஜாக்கி தொடும் இடம் இரண்டாகப் பிரிக்கிறது. தொடும் இடத்துக்கு இடப்பக்கம் உள்ள பகுதி மூன்றாவது தடை, வலப்பக்கம் உள்ள பகுதி நான்காவது தடை. ஜாக்கி நகரும்போது ஒன்று வளர்கிறது, மற்றது தேய்கிறது. கம்பியின் தடிமன் எங்கும் ஒரே சீராக இருந்தால், தடைகளின் விகிதமும் நீளங்களின் விகிதமும் ஒன்றே. ஓமை அளக்க வந்த நாம் சென்டிமீட்டரைப் படித்துவிட்டுப் போகிறோம்.

கம்பிக்கு மேலே ஓடும் தடித்த உலோகப் பட்டையில் இரண்டு இடைவெளிகள். ஒன்றில் தெரியாத தடையான கம்பிச்சுருள், மற்றதில் வேண்டிய தெரிந்த தடையை வைக்கும் மின்தடைப் பெட்டி. நடுப்பட்டையிலிருந்து கால்வனோமீட்டர் வழியாக ஜாக்கிக்கு ஒரு கம்பி. பலகையின் இரு முனைகளுக்கு மின்கலமும் சாவியும். அவ்வளவுதான்.

4. கால்வனோமீட்டரில் மின்னோட்டமே இல்லை என்றால் விகிதம் எப்படி வருகிறது? கிர்க்காஃப் விதி இல்லாமல் சொல்ல முடியுமா?

முடியும். ஒரே மடையிலிருந்து இரண்டு வாய்க்கால்கள் பிரிந்து, வெவ்வேறு வழியில் இறங்கி, கீழே ஒரே குட்டையில் சேருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எங்கோ இரண்டையும் இணைத்து ஒரு குறுக்கு வாய்க்கால் வெட்டுகிறீர்கள். அதில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? மட்டம் உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு. இரு முனைகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் ஓடாது.

மேல் பாதையில் கம்பிச்சுருளும் பெட்டியும் தொடராக நிற்கின்றன. மின்கலத்தின் மொத்த மின்னழுத்தத்தை அவை தங்கள் தடைகளின் விகிதத்தில் பங்கிட்டுக்கொள்கின்றன. கீழ்ப் பாதையில் கம்பியின் இரு பகுதிகளும் அதே மின்னழுத்தத்தைத் தங்கள் விகிதத்தில் பங்கிடுகின்றன. முள் சுழியில் நின்றால் இரு பங்கீடுகளும் ஒரே மட்டத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். ஆகவே கம்பிச்சுருளுக்கும் பெட்டிக்கும் உள்ள விகிதம், இடப்பக்க நீளத்துக்கும் வலப்பக்க நீளத்துக்கும் உள்ள விகிதம்.

கிர்க்காஃப் விதிகளைக் கொண்டு நிறுவச் சொன்னால் அப்படியே எழுதுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். ஆனால் கிர்க்காஃப் தம் விதிகளை வெளியிட்டது 1845இல். வீட்ஸ்டன் பாலம் எனப்படும் இந்தச் சுற்று அதற்கு முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டது.

5. அப்படியானால் வீட்ஸ்டன் எப்போது கண்டுபிடித்தார்?

அவர் கண்டுபிடிக்கவில்லை, அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இங்கிலாந்தில் வூல்விச் இராணுவக் கல்விக்கூடத்தில் கணிதம் கற்பித்த சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி, வெவ்வேறு உலோகக் கம்பிகளின் கடத்துதிறனை ஒப்பிடுவதற்காக இந்த அமைப்பை 1833இல் விவரித்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1843இல், லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் வீட்ஸ்டன் தம் ஆய்வுரையில் இதை எடுத்துக்காட்டி, எதற்கெல்லாம் பயன்படும் என்று விளக்கினார். கிறிஸ்டியின் பெயரையும் அங்கேயே சொன்னார். உலகம் அந்த வரியை மட்டும் மறந்துவிட்டது.

வீட்ஸ்டன் இசைக்கருவிக் கடைக் குடும்பத்திலிருந்து வந்தவர். கான்சர்டினா என்ற துருத்தி இசைக்கருவியும், இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டி ஆழத்தை உணர்த்தும் ஸ்டீரியோஸ்கோப்பும் அவருடையவை. அவர் பெயரில் நிலைத்துப்போனதோ அவருடையதல்லாத இந்தப் பாலம்.

6. தெரியாத தடையை இடது இடைவெளியில்தான் போட வேண்டுமா? என் நண்பன் வலதில் போட்டிருக்கிறான்.

எதில் போட்டாலும் சரி, சூத்திரமும் கூடவே மாற வேண்டும். கம்பிச்சுருள் இடதில் இருந்தால் அதன் மின்தடை, பெட்டியின் மின்தடையை இடப்பக்க நீளத்தால் பெருக்கி வலப்பக்க நீளத்தால் வகுத்தது. வலதில் இருந்தால் பெருக்குவதும் வகுப்பதும் இடம் மாறும். எப்போதும் தன் பக்க நீளம் மேலே என்று நினைவில் வையுங்கள்.

எடுத்துக்காட்டு ஒன்று. கம்பிச்சுருள் இடதில், பெட்டியில் 3 ஓம், முள் சுழியில் நிற்கும் சமநிலை 48.1 சென்டிமீட்டரில். வலப்பக்கம் 51.9. மூன்றை 48.1ஆல் பெருக்கி 51.9ஆல் வகுத்தால் 2.78 ஓம். இந்த எண்களை விட்டுவிடாதீர்கள், 12ஆம் கேள்வியில் மீண்டும் வேண்டும்.

7. பெட்டியில் பிளக்கை எடுத்தால் தடை குறையும்தானே?

கூடும். உள்ளே ஒவ்வொரு சுருளின் குறுக்கேயும் ஒரு பித்தளை பிளக் குறுக்குவழி போட்டு நிற்கிறது. பிளக் உள்ளே இருந்தால் மின்னோட்டம் பித்தளை வழியாகப் போய்விடும். எடுத்தால் சுருளைச் சுற்றித்தான் ஆக வேண்டும். எடுத்த பிளக்குகளின் எண்களைக் கூட்டினால் பெட்டியின் மின்தடை.

எடுக்காத பிளக்குகளையும் ஒருமுறை அழுத்தித் திருகி விடுங்கள். முன்பு செய்தவர் தளர்த்திவிட்டுப் போயிருப்பார். தளர்ந்த பிளக் ஒவ்வொன்றும் கணக்கில் வராத சிறு தடை.

8. ஜாக்கியை எங்கே வைத்தாலும் முள் ஒரே பக்கம்தான் போகிறது. கருவி கெட்டுவிட்டதா?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. பெரும்பாலும் கருவி கெட்டிருக்காது. முதலில் பெட்டியின் மதிப்பை மாற்றிப் பாருங்கள். 3 ஓம் சுருளுக்கு எதிரே 1000 ஓமை எடுத்து வைத்திருந்தால் சமநிலைப் புள்ளி பலகையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், உங்கள் ஜாக்கிக்கு எட்டாது.

பெட்டியை மாற்றியும் பயனில்லை என்றால் ஏதோ ஒரு கிளை அறுந்திருக்கிறது. எது என்று முள்ளே சொல்லும். ஜாக்கியை இடமிருந்து வலமாகத் தொட்டுத் தொட்டு நகருங்கள். வலது முனையை நெருங்க நெருங்க விலகல் ஒடுங்கினால், அறுந்தது இடது இடைவெளி. அங்கே இணைப்பு இல்லாததால் நடுப்பட்டை முழுக்க வலது முனையின் மின்னழுத்தத்தில் நிற்கிறது. ஜாக்கி வலது முனையைத் தொடும்போதுதான் இரண்டும் சமமாகின்றன. இடது முனையில் ஒடுங்கினால் வலது இடைவெளியைப் பாருங்கள். பஞ்சுநூல் சுற்றிய கம்பியின் முனையை உரிக்காமலேயே திருகின் கீழ் சொருகியிருப்பார்கள், அல்லது பச்சை பிடித்த முனை. உப்புத்தாளால் நாலு தேய்ப்பு தேய்த்து இறுக்கினால் சரியாகிவிடும்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். முள் ஓரிடம் வரை முழு விலகலோடு ஒரு பக்கம், அடுத்த மில்லிமீட்டரில் முழு விலகலோடு மறுபக்கம், நடுவில் சுழியே கிடையாது. அப்படியானால் பலகையின் கம்பியே அந்த இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. அதைப் பற்றவைத்துச் சமாளிக்காதீர்கள், கம்பியை மாற்றச் சொல்லுங்கள். ஏன் என்பது 11இல்.

9. முள் அசையவே மாட்டேன் என்கிறது.

ஒன்று மின்கலப் பக்கம், அல்லது கால்வனோமீட்டர் பக்கம். சாவியில் பிளக் இருக்கிறதா? மின்கலம் உயிரோடு இருக்கிறதா? நடுப்பட்டையிலிருந்து ஜாக்கி வரை கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா? ஜாக்கியின் கத்திமுனையில் அழுக்கு ஏறியிருக்கிறதா? இந்த நான்கைத் தாண்டி நான் போக நேர்ந்தது அரிது.

10. சமநிலைப் புள்ளி நடுவில்தான் வர வேண்டும் என்கிறார்கள். 5 சென்டிமீட்டரில் வந்தால் என்ன குறைந்துவிடும்?

சூத்திரம் எங்கும் செல்லும். கெடுவது உங்கள் கண் செய்யும் பிழையின் விளைவு. அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் தவறாகப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 50 சென்டிமீட்டரில் அந்தத் தவறு விடையை 0.4 சதவீதம் மாற்றும். 10இல் 1.1 சதவீதம். 5இல் 2.1 சதவீதம். அதே கண், அதே மில்லிமீட்டர், ஐந்து மடங்குக்கு மேல் பிழை.

காரணம் எளிது. ஒரு பக்கம் 5 சென்டிமீட்டர்தான் என்றால் அதில் ஒரு மில்லிமீட்டர் ஐம்பதில் ஒரு பங்கு. நடுவில் என்றால் ஐந்நூறில் ஒரு பங்கு. ஆகவே பெட்டியின் மதிப்பைச் சுருளின் மதிப்புக்கு அருகில் வைத்து, 40க்கும் 60க்கும் இடையே புள்ளியைக் கொண்டுவாருங்கள். சுருளின் மதிப்பே தெரியாதே என்றால், முதலில் ஏதாவது ஒன்றை எடுத்துத் தோராயமாகக் கண்டுபிடித்து, பிறகு பெட்டியை அதற்கேற்ப மாற்றுங்கள். ஒரே முறையில் முடித்துவிட்டு மேசையை விட்டு எழ நினைப்பவர்களுக்குத்தான் இது கசக்கும்.

11. ஜாக்கியை இழுத்துக்கொண்டு போனால் ஏன் திட்டுகிறீர்கள்? சீக்கிரம் கிடைக்கிறதே.

உங்களுக்குச் சீக்கிரம் கிடைக்கும், அடுத்த ஆண்டு மாணவருக்குத் தவறாகக் கிடைக்கும். ஜாக்கியின் முனை கத்தி போன்றது. அழுத்தி இழுத்தால் கம்பி தேயும், நசுங்கும். தேய்ந்த இடத்தில் குறுக்குப் பரப்பு குறைந்து தடை கூடும். 3இல் சொன்ன "ஒரே சீரான கம்பி" என்ற அடித்தளமே அங்கே போய்விடுகிறது.

10ஆம் பதிலின் பக்கவிளைவும் இதில் சேர்ந்துகொள்கிறது. எல்லாரும் 40க்கும் 60க்கும் இடையே தேடச் சொல்லப்படுவதால் எல்லாரும் அங்கேயே உரசுகிறார்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கம்பியின் நடுப்பகுதி மட்டும் புதுப் பாத்திரம் போல மின்னும். மூன்று ஆண்டுகளாகப் புதுக் கம்பி கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். தொட்டு, எடுத்து, நகர்த்தி, மீண்டும் தொடுங்கள்.

12. கம்பிச்சுருளையும் பெட்டியையும் இடம் மாற்றி அளந்தேன். இரண்டு விடையும் ஒன்றாக வரவில்லை. எது சரி?

இரண்டும் கொஞ்சம் தவறு, சராசரி கிட்டத்தட்டச் சரி. 6இல் உள்ள சுருளை வலதுக்கு மாற்றினால், இலட்சியக் கருவியில் சமநிலை 51.9இல் வர வேண்டும். உண்மையில் 51.7இல் வந்தது என்று வைப்போம். மூன்றை 48.3ஆல் பெருக்கி 51.7ஆல் வகுத்தால் 2.80 ஓம். முன்பு 2.78. சராசரி 2.79.

வேறுபாடு எங்கிருந்து வந்தது? கம்பி பலகையின் இரு முனைகளிலும் தடித்த பட்டையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பற்றவைப்புக்கும் பட்டைக்கும் சிறு தடை உண்டு. அளவுகோலின் சுழியும் கம்பி தொடங்கும் இடமும் மிகச் சரியாகப் பொருந்துவதும் இல்லை. ஆக, அளவுகோல் 48.1 என்று சொல்லும்போது மின்னோட்டம் அதைவிடச் சற்று நீண்ட கம்பியைக் கடக்கிறது. இந்தக் கூடுதல் நீளம்தான் முனைத் திருத்தம். இடது முனைக்கு ஒன்று, வலது முனைக்கு ஒன்று.

இடம் மாற்றும்போது, ஒருமுறை சுருளுக்குச் சாதகமாக இருந்த முனை அடுத்த முறை பெட்டிக்குச் சாதகமாகிறது. அதனால் இரு முனைகளின் திருத்தங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு சராசரியில் அடிபட்டுப்போகிறது. அவற்றின் கூட்டுத்தொகை மட்டும் மிஞ்சும், அதுவும் சமநிலை நடுவில் இருந்தால் தொல்லை தராது. நடுவில் அளக்கச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம். இரண்டு சமநிலை நீளங்களையும் கூட்டிப் பாருங்கள்: 48.1உம் 51.7உம் 99.8. நூறுக்கு அருகில் இருந்தால் நிம்மதி. 94, 107 என்று வந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு இணைப்புகளை இறுக்குங்கள்.

13. அந்த முனைத் திருத்தம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, இம்முறை வேண்டுமென்றே ஓரத்துக்குப் போக வேண்டும். இரண்டு இடைவெளிகளிலும் தெரிந்த தடைகளைப் போடுங்கள்: இடதில் 10 ஓம், வலதில் 1 ஓம். சமநிலை 91.1 என்று வருகிறது. இடம் மாற்றுங்கள்; 8.7 என்று வருகிறது. சிறிய தடையை முதல் நீளத்தாலும், பெரிய தடையை இரண்டாம் நீளத்தாலும் பெருக்குங்கள்: 91.1, 87. வேறுபாடு 4.1. அதைத் தடைகளின் வேறுபாடான 9ஆல் வகுத்தால் இடது முனைத் திருத்தம், ஏறத்தாழ 0.46 சென்டிமீட்டர்.

வலது முனைக்கு, இரு நீளங்களின் வேறுபாடான 82.4ஐ 11ஆல் பெருக்கி 9ஆல் வகுங்கள். 100.71 வரும். கம்பியின் உண்மையான மின்நீளம் இது. நூறையும் 0.46ஐயும் கழித்தால் மிஞ்சுவது சுமார் 0.26. இந்தத் திருத்தங்களை 12ஆம் பதிலின் அளவீடுகளில் சேர்த்துப் பாருங்கள், இரு பக்கமும் 2.79 ஓம் என்றே வரும்.

14. மின்கலம் தீர்ந்துகொண்டே வருகிறது. விடை மாறிவிடுமா?

மாறாது. 4இல் சொன்ன பங்கீடு மொத்தம் எவ்வளவு என்பதைப் பொறுத்ததல்ல. மடையில் தண்ணீர் குறைந்தாலும் சம மட்டம் சம மட்டமே. முள்ளின் துடிப்பு மட்டும் மங்கும். சமநிலைக்கு ஒரு மில்லிமீட்டர் இப்பால் அப்பால் போனாலும் முள் அசையாமல் நிற்கும், புள்ளியைத் துல்லியமாகக் குறிக்க முடியாது.

வலுவான மின்கலம் நல்லது என்று அதற்காக அடுக்கிக்கொண்டு போகாதீர்கள். மின்னோட்டம் கூடினால் சுருள் சூடாகும், சூடானால் அதன் தடையே மாறும். சாவியை அளவெடுக்கும் நேரத்தில் மட்டும் மூடுங்கள். அரட்டையின்போது திறந்தே இருக்கட்டும்.

15. மின்கலத்தையும் கால்வனோமீட்டரையும் தெரியாமல் இடம் மாற்றிவிட்டேன். இருந்தும் சரியான விடை வந்தது. எப்படி?

சமநிலை நிபந்தனை அந்த மாற்றத்தைப் பொருட்படுத்தாது. நான்கு தடைகளில் முதலாவது இரண்டாவதற்கு எப்படியோ அப்படியே மூன்றாவது நான்காவதற்கு என்றால், முதலாவது மூன்றாவதற்கு எப்படியோ அப்படியே இரண்டாவது நான்காவதற்கு. நீங்கள் சிறுவயதில் படித்த விகிதசமம்தான். உணர்திறன் மாறலாம், விடை மாறாது.

இருந்தாலும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். மின்கலம் ஜாக்கிப் பக்கம் இருந்தால், தொடும்போதும் எடுக்கும்போதும் முழு மின்னோட்டமும் அந்தக் கத்திமுனை வழியாகப் போகிறது. சிறு பொறி பறந்து கம்பியைக் கருக்கும்.

16. கால்வனோமீட்டரோடு ஓர் உயர் மின்தடையைச் சேர்க்கச் சொல்கிறார்கள். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

வேண்டாம். மின்னோட்டம் போகாத பாதையில் எவ்வளவு தடை இருந்தால் என்ன? அது தேடும் நேரத்தில் கால்வனோமீட்டரைக் காப்பாற்ற மட்டுமே. புள்ளிக்கு அருகில் வந்ததும் அதை விலக்கிவிட்டு நுட்பமாகத் தேடுங்கள். பலரும் விலக்க மறந்து, மந்தமான முள்ளை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள்.

17. பாலத்தில் செம்புக் கம்பியைக் கட்டினால் என்ன? மலிவாகக் கிடைக்கிறதே.

அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மீட்டர் செம்புக் கம்பியின் தடை சுமார் 0.09 ஓம். அதே அளவு கான்ஸ்டன்டன் என்ற செம்பு-நிக்கல் கலவைக் கம்பிக்குச் சுமார் 2.5 ஓம். செம்பைக் கட்டினால் பற்றவைப்புகளின் தடை கம்பியின் தடையோடு போட்டிபோடும். 12இல் பார்த்த முனைத் திருத்தம் சென்டிமீட்டர் கணக்கில் வீங்கும். மின்கலமும் சீக்கிரம் படுத்துவிடும்.

வெப்பம் அடுத்தது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் அளவுக்கு ஏறுகிறது. கம்பி முழுவதும் சீராகச் சூடானால் விகிதம் மாறாது என்று ஒரு மாணவி மடக்கினாள், சரிதான். ஆனால் மின்விசிறிக் காற்று ஒரு பக்கம், கை வைத்த சூடு ஒரு பக்கம் என்றால் சீராக இருக்காது. செம்பு, மாங்கனீசு, நிக்கல் கலந்த மாங்கனினை எட்வர்ட் வெஸ்டன் உருவாக்கியதே, வெப்பநிலை மாறினாலும் தடை அசையாத கம்பி வேண்டும் என்பதற்காக. பெட்டிக்குள் இருக்கும் சுருள்களும் பெரும்பாலும் மாங்கனின்தான். கான்ஸ்டன்டனும் தடையில் அசையாதது, ஆனால் செம்போடு சேரும் இடம் சூடானால் டிகிரிக்கு 40 மைக்ரோவோல்ட் அளவில் தானே மின்னழுத்தம் உண்டாக்கும். சந்தேகம் வந்தால் மின்கலத்தின் முனைகளைத் திருப்பி இணைத்து இன்னொருமுறை அளந்து சராசரி எடுங்கள்.

18. மின்தடை எல்லாருக்கும் ஒன்றுபோல வந்தது. தன்மின்தடை மட்டும் ஆளுக்கு ஒன்றாக வருகிறதே, ஏன்?

பாலத்தைக் குறை சொல்லாதீர்கள். குற்றவாளி, கம்பியின் விட்டத்தை அளக்கும் திருகு அளவி. கம்பி எந்தப் பொருளோ அதற்கே உரிய தன்மின்தடையைக் காண, மின்தடையைக் கம்பியின் குறுக்குப் பரப்பால் பெருக்கி நீளத்தால் வகுக்கிறோம். பரப்பில் ஆரம் இருமடி. விட்டம் 0.50 மில்லிமீட்டர், திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01. ஒரே ஒரு பிரிவு தவறினால் விட்டத்தில் 2 சதவீதம், விடையில் 4 சதவீதம். பாலத்தில் மில்லிமீட்டருக்காகத் தவம் கிடந்து 0.4 சதவீதம் சம்பாதித்தீர்கள். கையிலிருந்த சிறு கருவி அதைப்போல் பத்து மடங்கை ஒரு திருகலில் தொலைத்துவிட்டது.

என் அனுபவத்தில் மாணவர்கள் பாலத்துக்கு அரை மணி நேரமும் திருகு அளவிக்கு அரை நிமிடமும் தருகிறார்கள். மாற்றித் தர வேண்டியது. சுழிப்பிழையை முதலில் பாருங்கள். கம்பியின் மேல் பூச்சோ நூலோ இருந்தால் நீக்கிவிட்டு அளவிடுங்கள். ஐந்தாறு இடங்களில், ஒவ்வோரிடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருமுறை. தலையைப் பிடித்து முறுக்காமல் சிறுதலையைத் திருகி, டிக் டிக் ஒலி வந்ததும் நிறுத்துங்கள். நீளத்தை அளக்கும்போது திருகின் கீழ் மாட்டிய பகுதியைச் சேர்க்காதீர்கள், மின்னோட்டம் அங்கே பித்தளையிலேயே போய்விடுகிறது.

12இல் உள்ள சுருளின் நீளம் 1.1 மீட்டர், விட்டம் 0.50 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 1.96 × 10⁻⁷ சதுர மீட்டர், தன்மின்தடை சுமார் 4.98 × 10⁻⁷ ஓம் மீட்டர். கான்ஸ்டன்டனுக்கு அருகில். உங்களுக்கு 2 × 10⁻⁶ என்று வந்திருந்தால் ஆரத்தின் இடத்தில் விட்டத்தைப் போட்டிருக்கிறீர்கள். நான்கு மடங்கு என்றாலே அதுதான். பத்தின் அடுக்கு மட்டும் பிசகியிருந்தால் மில்லிமீட்டரை மீட்டராக மாற்றிய வரியைத் திரும்பப் பாருங்கள்.

19. வீட்டு குண்டு பல்பின் தடையை இதில் அளந்தேன். கணக்கோடு ஒத்துப்போகவே இல்லை.

230 வோல்ட், 60 வாட் பல்பு என்றால் கணக்குப்படி 882 ஓம். அது பல்பு எரியும்போது, இழை இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது உள்ள தடை. பாலத்தில் சிறு மின்கலம் இழையைச் சூடாக்காது, ஆகவே குளிர்ந்த இழையைத்தான் அளந்தீர்கள். டங்ஸ்டனுக்கு அது பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். இரண்டு விடையும் சரி, இரண்டும் வேறு வேறு நிலைகள்.

20. 0.01 ஓமையும் பத்து லட்சம் ஓமையும் இதே பலகையில் அளக்கலாமா?

இரண்டும் முடியாது. மிகச் சிறிய தடையில், இணைப்புக் கம்பியும் திருகுத் தொடர்பும் தாமே அளவிட வந்ததைவிடப் பெரிதாகிவிடும். 1இல் மல்டிமீட்டரைக் குறை சொன்னோமே, அதே நோய் பாலத்தையும் பிடிக்கும். கெல்வின் பிரபு என்று பின்னாளில் அறியப்பட்ட வில்லியம் தாம்சன் இதற்காகவே இரட்டைப் பாலம் அமைத்தார். மின்னோட்டம் நுழையும் முனைகளும் மின்னழுத்தம் பார்க்கும் முனைகளும் அதில் தனித்தனி. கல்லூரிக்குப் போனால் கேரி ஃபாஸ்டர் பாலத்தைப் பார்ப்பீர்கள். அது இரண்டு நெருங்கிய தடைகளின் வேறுபாட்டை நேராகத் தரும். முனைத் திருத்தம் இரண்டு அளவீடுகளிலும் பொதுவாக நின்று கழிந்துவிடும்.

மிகப் பெரிய தடையில் பாலத்தின் கிளைகளில் ஓடும் மின்னோட்டமே இல்லையென்னும் அளவுக்குச் சுருங்கும், முள் எங்கே தொட்டாலும் தூங்கும். மின்காப்பைச் சோதிக்கும் எலக்ட்ரீஷியன்கள் மெக்கர் என்ற தனிக் கருவி வைத்திருப்பது அதனால்தான்.

21. போஸ்ட் ஆபீஸ் பாக்ஸ் என்று ஒன்று ஆய்வக அலமாரியில் இருக்கிறது. தபாலுக்கும் மின்தடைக்கும் என்ன சம்பந்தம்?

பிரிட்டனில் 1870 முதல் தந்தி அஞ்சல் துறையின் கையில் இருந்தது. தந்திக் கம்பிகளின் தடையை அளக்க அந்தத் துறை பயன்படுத்திய கையடக்கப் பாலம் இது. நீட்டிய கம்பிக்குப் பதிலாக விகிதக் கிளைகளும் பிளக்குகளும், எல்லாம் ஒரே மரப்பெட்டிக்குள். ஜாக்கி இல்லை, பிளக்குகளை எடுத்துப் போட்டே சமநிலை காண வேண்டும். மீட்டர் பாலம் புரிந்தவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை, பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும்.

22. தேர்வைத் தவிர வேறு எங்காவது இது உண்மையில் பயன்படுகிறதா?

நேற்று தக்காளி வாங்கினீர்களா? எலக்ட்ரானிக் தராசின் தட்டுக்குக் கீழே ஓர் அலுமினியத் துண்டு இருக்கும். அதில் நான்கு மெல்லிய உலோகச் சுவடுகள் ஒட்டப்பட்டு, பாலமாக இணைக்கப்பட்டிருக்கும். எடை விழுந்ததும் துண்டு கண்ணுக்குத் தெரியாமல் வளைகிறது. இரண்டு சுவடுகள் நீண்டு தடை கூடுகின்றன, இரண்டு சுருங்கித் தடை குறைகின்றன. சமநிலை கெட்டு எழும் மின்னழுத்தத்தைச் சில்லு பெருக்கி, கிராமாக மாற்றிக் காட்டுகிறது. வழக்கமான தராசுகளில் முழு எடைக்கு ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 2 மில்லிவோல்ட் அளவில்தான் அந்தச் சமிக்ஞை. வெயிலில் நான்கு சுவடுகளும் ஒன்றாகச் சூடாவதால் விகிதம் மாறாமல் தப்புகிறது. 17இல் அந்த மாணவி சொன்ன அதே நியாயம்.

மண்ணுக்கடியில் போகும் கேபிளில் மின்கசிவு எங்கே என்று தோண்டாமல் கண்டுபிடிக்கவும் பாலம் உண்டு, மர்ரே வளையச் சோதனை என்பார்கள். பழுதான கம்பியைத் தொலைமுனையில் ஒரு நல்ல கம்பியோடு இணைத்து வளையமாக்குவார்கள். மண்ணைத் தொடும் பழுதுப் புள்ளி வளையத்தை இரண்டாகப் பிரிக்கிறது, அதுதான் இயற்கையாக அமைந்த நடுப்பட்டை. கேபிள் 500 மீட்டர் என்றால் வளையம் 1000 மீட்டர். நூறு பிரிவுள்ள பாலக் கம்பியில், பழுதான பக்கத்திலிருந்து 23இல் சமநிலை வந்தால் 230ஆவது மீட்டரில் தோண்டலாம். பழுதான இடத்தின் தடை எவ்வளவு என்று தெரிய வேண்டியதே இல்லை. அது மின்கலத்தோடு தொடராக நிற்கிறது. 14இல் பார்த்ததுபோல அங்கே என்ன குறைந்தாலும் சமநிலை மாறாது.

23. கால்வனோமீட்டரின் தடையையே அளக்க வேண்டுமானால்? அதைத் தெரியாத தடையின் இடத்தில் போட்டுவிட்டால், சமநிலையைக் காட்ட இன்னொரு கால்வனோமீட்டர் வேண்டுமே?

வேண்டாம். இதுவும் கெல்வினின் யோசனை, எனக்கு மிகவும் பிடித்தது. கால்வனோமீட்டரைத் தெரியாத தடையின் இடைவெளியில் மாட்டுங்கள். நடுப்பட்டையிலிருந்து ஜாக்கிக்கு வெறும் கம்பி மட்டும் போகட்டும். இப்போது முள் எப்போதும் விலகியே நிற்கும்; அளவுகோலுக்கு வெளியே ஓடாதபடி மின்கலத்தின் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கியால் தொடும்போது விலகல் கூடும், அல்லது குறையும். ஓரிடத்தில் மட்டும் தொட்டாலும் எடுத்தாலும் முள் நின்ற இடத்திலேயே நிற்கும். அங்கே பாலத்தின் இரு முனைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. குறுக்கு வாய்க்காலைத் திறந்தாலும் மூடினாலும் வேறெங்கும் ஓட்டம் மாறாது என்பதால் கால்வனோமீட்டருக்கு எதுவும் தெரிவதில்லை. பிறகு 6இல் உள்ள அதே கணக்கு. மின்கலத்தின் அகத்தடைக்கும் இப்படி ஒரு முறை உண்டு, மான்ஸ் முறை. அதில் மின்கலம் தெரியாத தடையின் இடத்துக்கு வந்துவிடும், மின்கலம் இருந்த இடத்தில் வெறும் சாவி இருக்கும்.